ஐபோனில் விழுந்த முதல் போணி

ரிஸ்னா என்னை விடுவதாக இல்லை. ஓய்வு பெற்று, குண்டசாலை வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் போன் அடிக்கிறது. எங்கள் நிறுவனத்தின் கண்டிக் கிளையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்களாம். எந்த மொபைல் செயலியையும் வெளியே விடுவதற்கு முன்னால் கணினியிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, போனைச் சுவர் சார்ஜரில் செருகி ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் கிளையில் ஒரு சட்டம் இருக்கிறது. இப்போது வந்திருக்கும் கருவிகளுக்கு அது தேவையே இல்லை. பிறகு ஏன் இந்தச் சடங்கு?

"நீங்களே எழுதித் தாங்க அக்கா. நான் சொல்லப் போனா பாதியிலயே சிரிப்பு வந்திடுது" என்றாள். எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் எழுதும்போது சிரித்தால் யாருக்கும் கேட்காது.

என் கதையின் முன்பகுதி சுருக்கமானது. கண்டி டவுனில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தேன். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனால் கல்யாணம் தள்ளிப் போகும் என்று வீட்டில் பயந்தார்கள். வகுப்புக்கும் போனேன், கல்யாணமும் நடந்தது. அதன் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாகக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதினேன். சீனி, பருப்பு, தள்ளுபடி, மொத்தம். தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதுவேன். எழுதியதும் திரும்பத் தூங்கிவிடுவேன், அவ்வளவு சுவாரசியம்.

ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் பைத்தியம் பிடித்தது. ஒரே தடவை எழுதினால் அன்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கருவி வந்தது. முதல் நாள் ஒரு பொத்தானின் நிறத்தைக் கணினியில் மாற்றி, சேமித்துவிட்டு நிமிர்ந்தால், மேசைமேல் இருந்த இரண்டு போன்களிலும் பொத்தான் நிறம் மாறி நிற்கிறது! நான் கதிரையை விட்டு எழுந்தே விட்டேன். நீலம் ஆக்கினேன், சிவப்பு ஆக்கினேன், கிளிப்பச்சை ஆக்கினேன். அன்றைக்கு முழுக்க வேறு வேலை பார்க்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பக்கத்தில் இருந்த பெண், தானாகச் சிரிக்கிறாளே இவள் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கண்டிக் கிளை என்றால் ஏதோ பெரிய கட்டிடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இரண்டு அறை. பதினொரு மணிக்குக் கீழே வெங்காயம் வதக்கினால் மேலே எங்கள் எல்லோருக்கும் பசிக்கும். நானும் ரிஸ்னாவும் எழுதுவோம். எங்களுக்குப் பொறுப்பாக சிவநேசன் சேர் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. என்ன அவசரம் என்றாலும் முதலில் "பொறும்" என்பார், பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், அதற்குப் பிறகுதான் பிரச்சினையைப் பார்ப்பார். பாதிப் பிரச்சினை அந்தக் கண்ணாடி துடைக்கும் நேரத்திலேயே தீர்ந்துவிடும்.

சேரிடம் ஒரு முறை இருந்தது. செயலி முடிந்ததும், அதைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கீழே சாப்பாட்டுக் கடையில் காசு வாங்குபவர்தான் மாட்டுவார். எழுதியவர் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும். "கையைப் பின்னால கட்டும். வாயைத் திறவாதையும். அவர் என்ன செய்யிறார் எண்டு மட்டும் பாரும்" என்பார் சேர். பார்ப்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கும், ஆனால் அது ஒரு சித்திரவதை. நாம் அழகாகச் செய்து வைத்த பொத்தானை அந்த மனிதர் பார்க்கவே மாட்டார். பொத்தானே இல்லாத ஒரு படத்தைக் குத்து குத்தென்று குத்துவார். எனக்கு வாய் துடிக்கும், பின்னால் கட்டிய கை தானாக முன்னால் வரும். சேர் தொண்டையைச் செருமுவார். கை பின்னால் போகும். அவர் தடுமாறின இடமெல்லாம் எங்கள் பிழை, அவர் பிழை இல்லை என்பது சேரின் கட்சி.

அன்ட்ராய்ட் போன்கள் எங்களிடம் நாலைந்து இருந்தன. ஐபோன் ஒன்றே ஒன்றுதான். தலைமை அலுவலகத்தில் யாரோ பாவித்து அலுத்துப்போய் அனுப்பிய பழைய போன். பற்றரி செத்துப்போயிருந்தது. கேபிளைக் கழற்றினால் கண்ணை மூடிவிடும். ஆகவே அது பிறந்த குழந்தையைப் போல எப்போதும் தொப்புள் கொடியோடு என் கணினியில் செருகியே கிடந்தது. ஐபோனில் பார்க்க வேண்டுமென்றால் சாப்பாட்டுக் கடைக்காரரை மேலே கூட்டிவந்து என் கதிரையில் உட்கார வைப்போம். பற்றரி மாற்றித் தாருங்கள் என்று கொழும்புக்கு எத்தனையோ தடவை எழுதினோம். பார்க்கலாம் என்று பதில் வரும்.

அந்தக் கொழும்பிலிருந்துதான் ஒருநாள் வேறு செய்தியும் வந்தது. கண்டிக் கிளையை மூடிவிட்டு எங்களை அங்கே எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். சேருக்கும் ரிஸ்னாவுக்கும் மொபைல் பிரிவில் இடம். எனக்கும் இடம் உண்டு, ஆனால் பழைய பில் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில். இந்த வயதில் இவருக்கு ஏன் புதுசு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். என் கணவருக்கோ பேராதனை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை, அதை விட்டு வர முடியாது. நான் கொழும்பில் தனியாக அறை எடுத்துத் தங்கிச் சீனியையும் பருப்பையும் கூட்ட வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். இரண்டையும் நினைத்தாலே அழுகை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருந்தேன்.

என் கணவர் மெல்லப் பேசுகிற மனிதர். மருந்தகச் சன்னலில் அவர் "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று சொல்வதைக் கேட்க நோயாளிகள் தலையை உள்ளே விடுவார்கள். விஷயத்தைச் சொன்னபோது, "பார்ப்போம் சாந்தி" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சேர் கண்ணாடியைத் துடைத்தார். கையில் இருக்கிற ஒரு பெரிய வேலையை நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் கொழும்போடு பேசிப் பார்க்கலாம் என்றார். அந்தப் பெரிய வேலை, நாகலிங்கம் முதலாளியின் புடவைக் கடைக்கு ஒரு செயலி.

முதலாளி சேலையிலும் சாஸ்திரத்திலும் கரை கண்டவர். வடிவம், நிறம் எதிலும் அவர் தலையிடவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "நல்ல நேரம் பத்து நாப்பத்திரெண்டு. அதுக்கு முன்னாடி ஒரு வியாபாரமும் நடக்கக் கூடாது. முதல் போணி எங்க அண்ணி கையாலதான் நடக்கணும். அவங்க கை ராசியான கை. இந்தக் கடையே அவங்க வாங்கின ஒரு சேலையிலதான் ஆரம்பிச்சுச்சு."

"ஆப் ஸ்டோரில நாங்கள் நினைச்ச நேரத்துக்கு விடேலாது முதலாளி. அவையள் பாத்து முடிச்சுத்தான் விடுவினம்" என்றார் சேர். முதலாளியின் முகம் வாடியது. சேர் விடவில்லை. "ஆனா ஒண்டு செய்யலாம். கொஞ்சம் முந்தியே வெளியில விடுவம். எல்லாரும் இறக்கி வைச்சுச் சேலையளைப் பாக்கட்டும். வாங்கிற பொத்தானை மட்டும் பூட்டி வைப்பம். உங்கட நேரம் வந்தோடன அது தானாத் திறக்கும்."

"கதவு பூட்டியிருக்கு, நல்ல நேரத்துல தொறக்குது!" முதலாளி கை தட்டினார். "அப்படியே கோயில் மாதிரி."

அப்படியே எழுதினோம். எத்தனை நிமிஷம் பாக்கி என்று திரையின் மேலே காட்டும். நேரம் வந்ததும் பொத்தான் மலர்ந்து நிற்கும். அன்ட்ராய்டில் எல்லா விதமாகவும் சோதித்தோம். ஐபோனிலும் சோதித்தோம், கொடியோடு. எல்லாம் தேனாக ஓடியது. கடைக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லி, கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளை வரை ஆட்கள் இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்த நாள் காலையில் கடையில் குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. ஒரு மூலையில் நாதஸ்வரக்காரர் தயாராக உட்கார்ந்திருந்தார். பட்டுச் சேலைப் பகுதியில் ஒரு கதிரை போட்டு, அதில் பார்வதி அண்ணி அமர்ந்திருந்தார். முதலாளிக்கு அண்ணி, ஆனால் கடையில் எல்லோருக்குமே அவர் அண்ணிதான். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய ஐபோன் அவர் மடியில் இருந்தது. நானும் சேரும் ஒரு ஓரமாக நின்றோம். சேலை விரித்துக் காட்டும் மேசையில் என் லப்டொப். சுற்றியிருந்த பணியாளர்கள் எல்லோரும் தங்கள் போனைப் பார்த்து நிமிஷம் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, எல்லார் போன்லயும் நம்பர் ஓடுது. எனக்கு மட்டும் என்னமோ இங்கிலீசு எழுத்து நிக்குதே?"

எட்டிப் பார்த்தேன். நிமிஷம் இருக்க வேண்டிய இடத்தில், 'இது எண்ணே இல்லை' என்பதைச் சுருக்கிச் சொல்லும் மூன்று ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்து நின்றால் நேரம் நகராது. நேரம் நகராவிட்டால் பொத்தான் திறக்காது. நல்ல நேரம் வரும்போது ஊரில் உள்ள அன்ட்ராய்ட் எல்லாம் திறந்துகொள்ளும். யாரோ ஒருவர் முந்திக்கொண்டு போணி செய்துவிடுவார். அண்ணியின் ராசியான கை பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும். முதலாளி எங்களைச் சேலையில் சுற்றி மகாவலி ஆற்றில் விட்டுவிடுவார். அதோடு கண்டிக் கிளையும் போய்விடும்.

"பொறும்" என்றார் சேர். கண்ணாடியைக் கழற்றினார்.

அலுவலகத்தில் இருந்த ரிஸ்னாவுக்குப் போன் போட்டேன். "நம்மட ஐபோன்ல சரியாத்தான் ஈக்குது அக்கா" என்றாள்.

"கேபிளைக் கழட்டிட்டுப் பாரு."

"கழட்டினேன்... அணைஞ்சிட்டு."

"சுவர்ல செருகு! கம்ப்யூட்டர்ல வேணாம், சுவர்ல செருகு!"

நான் கத்திய கத்தலில் சேலை மடித்துக்கொண்டிருந்த பெண் கையிலிருந்ததை நழுவ விட்டாள். போன் உயிர் பெற்று எழும் வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. பிறகு ரிஸ்னாவின் குரல் கீச்சென்று வந்தது. "அல்லாஹ்! அக்கா, இதுலயும் அந்த மூணு எழுத்து!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். அந்தக் கருவியில், கணினியோடு இணைத்துப் பிழை பார்க்கும்போது எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் போனுக்குள் ஓடுவதே இல்லை. கணினியின் உலாவியில்தான் ஓடும். போன் வெறுமனே படம் காட்டும். பொத்தான் திறக்க வேண்டிய தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் நாங்கள் ஒரு வெற்றிடம் விட்டிருந்தோம். உலாவி அதைச் சரியென்று எடுத்துக்கொண்டது, அன்ட்ராய்டும் எடுத்துக்கொண்டது. ஐபோனோ, நடுவில் T என்ற எழுத்து இருந்தால்தான் அது நேரம் என்று ஒத்துக்கொள்ளும். மாதக்கணக்காக நாங்கள் ஐபோனில் சோதிக்கவே இல்லை! ஐபோனுக்குள் என் கணினியைத்தான் சோதித்துக்கொண்டிருந்தோம். பற்றரி செத்த போன் ஒன்றை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் எங்களைப் போன்றவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் பிழை இவ்வளவு நாள் மறைந்திருக்காது.

வெற்றிடத்தை அழித்தேன். T போட்டேன். ஒரே எழுத்து. இந்த வகைக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, ஜாவாஸ்கிரிப்டை மட்டும் மாற்றினால் ஸ்டோருக்குப் போகாமலே நேரே எல்லாப் போன்களுக்கும் அனுப்பிவிடலாம் என்பதுதான். அனுப்பினேன். ஆனால் அதில் ஒரு சிக்கல். செயலி திறந்திருந்தால் புதுசு தானாக இறங்கும். முழுக்க மூடித் திரும்பத் திறந்தால்தான் அது வேலைக்கு வரும்.

"அண்ணி, புதுசு இறங்கிருச்சு. இப்ப ஒரு தடவை மூடிட்டுத் தெறந்தீங்கன்னா..."

அண்ணியின் முகம் மாறிவிட்டது. "என்னம்மா பேசுற? விளக்கேத்தி, சாமி கும்பிட்டு, நல்ல காரியத்துக்கு உக்காந்திருக்கேன். மூடு மூடுங்கிறியே! வாயைக் கழுவு மொதல்ல."

"அண்ணி, போன் கொடுங்க, நானே..."

"தொடக் கூடாது! போணி முடியுற வரைக்கும் என் கை மட்டும்தான்."

முதலாளிக்கு வியர்த்தது. பணியாளர்களின் போன்களில் பாக்கி நிமிஷம் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது. சேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணிக்கு முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"மூட வேண்டாம் அம்மா. ஆர் மூடச் சொன்னது? கீழ இருக்கிற பொத்தானை ரெண்டு தரம் அமத்துங்கோ. ஓம், அப்பிடித்தான். இப்ப கடையின்ர படம் நிக்குதெல்லோ, அதை விரலால மேல ஏத்தி விடுங்கோ. கடை மேல ஏறட்டும்."

அண்ணியின் முகம் மலர்ந்தது. "இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு விரலால், ஆரத்தி எடுப்பது போல், கடையை மேலே ஏற்றினார். செயலி மூடிக்கொண்டது. திரும்பவும் கடையின் படத்தைத் தொட்டார். திரையில் எண் வந்தது. எண்! மூன்று என்று காட்டியது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான மூன்றைப் பார்த்ததில்லை.

நேரம் வந்தது. பொத்தான் மலர்ந்தது. நாதஸ்வரக்காரர் ஊதினார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். அண்ணி சேலை பார்க்கத் தொடங்கினார்.

ஒரு சேலையைத் திறந்தார். பெரிதாக்கிக் கரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கி அடுத்ததற்குப் போனார். என் லப்டொப்பில் வியாபாரப் பட்டியல் வெறுமையாக நின்றது. எந்த வினாடியிலும் கம்பளையிலிருந்து யாராவது வாங்கிவிடலாம்.

"அண்ணி, எதையாச்சும் எடுங்க அண்ணி" என்று முதலாளி கெஞ்சினார்.

"எதையாச்சும் எடுக்கவா வந்தேன்? இதே டிசைன் மாம்பழ மஞ்சள்ல இருக்கா?"

"இருக்கு அண்ணி, கீழ போங்க, இன்னும் கீழ!" இதைச் சொன்னது முதலாளி மட்டுமில்லை, கடையே சொன்னது. நாதஸ்வரக்காரரும் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். என் கை தானாக அந்தப் போனை நோக்கிப் போனது. சேர் தொண்டையைச் செருமினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினேன்.

டிங் என்றது லப்டொப்.

பயந்து பயந்து கண்ணைத் திறந்தேன். முதல் வியாபாரம்: மாம்பழ மஞ்சள் பட்டுச் சேலை ஒன்று, பார்வதி, ஐபோன். அடுத்த மூச்சில் இன்னொரு டிங், கட்டுகஸ்தோட்டை. அப்புறம் கம்பளை. அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. முதலாளி சேரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். சேரின் கண்ணாடி விழுந்தது. நான் ஒரு பட்டுச் சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேனா சிரித்தேனா தெரியாது. யாரும் அதற்குக் கோபிக்கவும் இல்லை.

கேசரி கொடுத்துக்கொண்டிருக்கும்போது முதலாளி சொன்னார்: "மாத்தளைக் கடைக்கும், நுவரெலியாக் கடைக்கும் இதே மாதிரி வேணும். தம்பிமாருக்கும் சொல்லிட்டேன். உங்க ஆபீஸ்தான் செய்யணும்."

சேர் கேசரியைக் கீழே வைத்தார். "செய்யலாம் முதலாளி. ஆனா கொழும்பில இருந்துதான் செய்ய வேண்டி வரும். இஞ்ச இருக்கிற எங்கட கண்டிக் கந்தோரை மூடப் போயினம்."

"மூடுறதா?" முதலாளி எழுந்து நின்றார். "ராசியான இடத்தை யாராச்சும் மாத்துவாங்களா? அந்த மாடி, அந்த மேசை, இந்தம்மா. மூணுல ஒண்ணு மாறினாலும் எனக்கு வேணாம். கொடுங்க அந்தக் கொழும்புக்காரரோட நம்பரை!"

கடையின் நடுவில் நின்று அவர் தலைமை அலுவலக மேலாளரோடு சிங்களத்தில் பேசினார். நாங்கள் அவருடைய பக்கத்தை மட்டும்தான் கேட்டோம். செலவு, வாடகை, வசதி என்று மறுமுனையில் ஏதேதோ சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலாளி ஒரே பதில்தான் வைத்திருந்தார். அந்த இடம் நமக்கு நல்லது ஐயா, மாற்றக் கூடாது. நாங்கள் எத்தனையோ காரணம் எழுதி அனுப்பி அசையாத மேலாளரும் புதுவீட்டுக்கு நல்ல நேரம் பார்த்துப் பால் பொங்க வைத்தவர்தானே. அந்தப் பதிலுக்கு எதிராக அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் போன் சேர் கைக்கு வந்தது. சேர் காதில் வைத்துக் கேட்டார். ஓம், ஓம், நல்லது என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கந்தோர் இஞ்சதான். நீரும் இஞ்சதான். மொபைல் வேலைதான்" என்றார். அதற்குப் பிறகு, அந்த மனிதர் சிரித்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். பல் எல்லாம் தெரிந்தது.

கடைக்கு வெளியே படிக்கு ஓடிவந்து என் கணவருக்குப் போன் போட்டேன். மருந்தகத்தில் வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டார். அன்றைக்கு முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஏங்க, நான் எங்கேயும் போகல. கண்டியிலேயேதான். இதே வேலைதான்."

மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்போது போனுக்குள்ளிருந்து, இத்தனை வருஷ வாழ்க்கையில் நான் கேட்டே இராத ஒரு குரல், என் கணவரின் குரல், ஆஸ்பத்திரி கூரை அதிரக் கத்தியது.

"நம்ம சாந்தி எங்கேயும் போகல!"

மருந்துக்காக வரிசையில் நின்றவர்களுக்குச் சாந்தி யார் என்றும் தெரியாது, எங்கே போகவில்லை என்றும் தெரியாது. ஒருவர் கை தட்டினார். பிறகு வரிசை முழுவதும் கை தட்டும் சத்தம் கேட்டது.